நிலைத்த வட்டி யாருக்கு?

இரு திங்களுக்கு ஒருமுறை மும்பை மாநகரிலே ஆறு பேர் கூடுகின்றனர். மூவர் ரிசர்வ் வங்கியைச் சேர்ந்தவர். மூவர் ஒன்றிய அரசால் அமர்த்தப்பெற்றவர். நாணயக் கொள்கைக் குழு என்பது அவர்கள் அவையின் பெயர். 2016ஆம் ஆண்டில் சட்டம் திருத்தி அமைக்கப்பட்ட அவை அது. கூடுகின்றனர், பேசுகின்றனர், வாக்களிக்கின்றனர். வாக்குகள் சமமாகப் பிரிந்தால் ஆளுநருக்கு இரண்டாவது வாக்கும் உண்டு. இத்தனை ஏற்பாடும் எதற்காக? ஒரே ஓர் எண்ணை முடிவு செய்வதற்காக!

ரெப்போ வட்டி என்பது அந்த எண். வங்கிகள் தம்மிடமுள்ள அரசுப் பத்திரங்களை ஈடு வைத்து ரிசர்வ் வங்கியிடம் குறுகிய நாட்களுக்குக் கடன் வாங்கும்போது செலுத்தவேண்டிய வட்டி அது. அந்த எண் ஏறினால் நாட்டில் கடன் கடினமாகும், இறங்கினால் எளிதாகும். ஏறுவதா, இறங்குவதா, இருந்த இடத்திலேயே நிற்பதா என்று வணிகரும் வங்கியாளரும் பங்குச் சந்தையினரும் கண்ணிமைக்காமல் காத்துக்கிடக்கின்றனர். அறிவிப்பு வெளிவந்ததும் ஒரு சாரார் ஆர்ப்பரிக்கின்றனர், மறுசாரார் அலறுகின்றனர்.

தோழர்களே! “பணக்காரர் பேசும் பேச்சு இது; பாட்டாளிக்கு இதிலே பங்கென்ன?” என்று நீங்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அந்தக் கேள்விக்கு விடை காண, மும்பையின் மாடமாளிகையிலிருந்து சற்றே இறங்கி, ஜவ்வாது மலைக்கு ஏறி வாருங்கள்.

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் படர்ந்து கிடக்கிறது அந்த மலை. ஜமுனாமரத்தூர், புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு, பீஞ்சமந்தை என ஊர்களும் நாடுகளும் அங்கே உண்டு. வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். கேரளத்தவர் அல்லர் இவர்கள். காஞ்சியிலிருந்து மலையேறி வந்த முன்னோரின் வழியினர் என்று தம் கதையைத் தாமே சொல்லிக்கொள்ளும் தமிழ் மக்கள். சாமையும் கேழ்வரகும் கொள்ளும் விதைப்பவர்கள். புளியும் பலாவும் தேனும் கடுக்காயும் கீழ்நாட்டுக்குத் தருபவர்கள். மழை பொய்த்தாலும், விலை வீழ்ந்தாலும், வீட்டிலே ஒருவர் நோயுற்றாலும் கடனுக்குக் கையேந்த வேண்டியவர்கள். வட்டியைப் பற்றி அவர்களைவிட நன்கறிந்தவர் மும்பையிலே எவரும் இலர்!

ஆகவேதான் கேட்கிறோம்: ரிசர்வ் வங்கி வட்டியை நிலையாக வைத்திருக்கலாமா என்ற கேள்விக்கு, அந்த மலைமீது நின்று விடை சொன்னால் என்ன விடை வரும்?

ஏறி இறங்கிய எண்!

முதலில் நடந்ததைப் பார்ப்போம். கொரோனாத் தொற்று நாட்டை முடக்கியபோது, 2020 மே மாதம் ரெப்போ வட்டி 4 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அங்கேயே ஏறத்தாழ இரண்டாண்டுகள் நின்றது. 2022 மே 4ஆம் நாள், குறித்த நாளுக்கு முன்னரே குழு கூடி, வட்டியை உயர்த்தத் தொடங்கியது. ஆறு தவணைகளில் ஏறி, 2023 பிப்ரவரியில் 6.50 விழுக்காட்டைத் தொட்டது. அங்கே மீண்டும் நின்றது. 2023 ஏப்ரல் முதல் 2024 டிசம்பர் வரை பதினொரு கூட்டங்கள். பதினொரு முறையும் அதே முடிவு — மாற்றமில்லை!

அந்த முடிவை எல்லோரும் ஒருமனதாக ஏற்றனரா? இல்லை. 2024 ஜூனிலும் ஆகஸ்டிலும் நால்வர் ஒருபுறம், இருவர் மறுபுறம். வட்டியைக் குறைத்தாக வேண்டும் என்றனர் அவ்விருவரும். டிசம்பரிலும் அதே நிலை. ஒன்றிய அரசின் வணிக அமைச்சர் பியூஷ் கோயலே 2024 நவம்பரில், உணவு விலையைக் காட்டி வட்டியைப் பிடித்து வைத்திருப்பது பொருந்தாது என்று பொது மேடையிலே பேசினார். ஆளுநர் சக்திகாந்த தாஸ் அசையவில்லை. அவர் பதவிக்காலம் முடிந்து சஞ்சய் மல்கோத்ரா வந்தபின், 2025 பிப்ரவரியில் குறைப்பு தொடங்கியது. பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், டிசம்பர் என நான்கு முறை குறைந்து, 2025 இறுதியில் அந்த எண் 5.25 ஆயிற்று. இடையிலே ஆகஸ்டிலும் அக்டோபரிலும் அசையாமல் நின்றது.

நாலு விழுக்காட்டிலே ஒரு நிலை. ஆறரை விழுக்காட்டிலே ஒரு நிலை. ஐந்தாண்டுக்குள் இந்த இரு நிலைகளையும் கண்டுவிட்டோம். இரண்டையும் மலையின் கணக்கிலே எடை போட்டுப் பார்க்க வேண்டாமா?

நிறுத்துவோர் வாதம்

எதிர்வாதத்தின் வலிமையை மறைத்துவிட்டு வாதிடுவது வீரமன்று. வட்டியை அவசரப்பட்டுக் குறைக்காமல் நிறுத்தி வைக்க வேண்டும் என்போர் சொல்வதையும் செவிமடுப்போம்.

விலையேற்றம் ஏழையின் மீது விதிக்கப்படும் வரி என்கின்றனர் அவர்கள். உண்மை! செல்வரிடம் நிலம் இருக்கிறது, பொன் இருக்கிறது, பங்குப் பத்திரம் இருக்கிறது. விலை ஏறினால் அவற்றின் மதிப்பும் ஏறும். கூலிக்காரனிடம் இருப்பது கூலி ஒன்றே. விலை ஏறிய அன்றே கூலி ஏறுவதில்லை. ஆகவே விலையைக் கட்டுக்குள் வைப்பது ஏழைக்குச் செய்யும் முதல் உதவி என்பதிலே நமக்கும் மறுப்பில்லை. சட்டமும் அதற்கோர் எல்லை வகுத்திருக்கிறது. பணவீக்கம் 4 விழுக்காட்டில் இருக்க வேண்டும். 2க்குக் கீழும் போகக்கூடாது, 6க்கு மேலும் போகக்கூடாது என்று 2016இல் குறிக்கப்பட்டு, 2021இல் மீண்டும் உறுதி செய்யப்பட்ட எல்லை அது. 2022இல் தொடர்ந்து மூன்று காலாண்டுகள் அந்த 6 விழுக்காட்டு எல்லை மீறப்பட்டது. ஏன் தவறினோம் என்று அரசுக்கு விளக்கம் எழுத வேண்டிய நிலை ரிசர்வ் வங்கிக்கு ஏற்பட்டது. எழுதிய கடிதம் மக்களுக்குக் காட்டப்படவில்லை என்பது வேறு கதை!

இன்னும் அருகிலே ஒரு பாடம் இருக்கிறது. கடல் கடந்து, ஈழத்தீவைப் பாருங்கள். 2020, 2021ஆம் ஆண்டுகளில் இலங்கையின் மத்திய வங்கி வட்டியைத் தாழ்வாக வைத்து, அரசுக்குப் பணத்தை அச்சிட்டுக் கொடுத்தது. அந்நியச் செலாவணி வற்றியது. 2022 ஏப்ரல் 8ஆம் நாள் ஒரே நாளில் 7 விழுக்காட்டுப் புள்ளிகள் வட்டியை உயர்த்த வேண்டி வந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் கொழும்பின் விலையேற்றம் ஏறத்தாழ 70 விழுக்காடு! அடிபட்டவர் யார்? நாள்கூலி ஆயிரம் ரூபாய் வேண்டுமென்று பல்லாண்டு போராடி, 2021இல்தான் அதைப் பெற்ற மலையகத் தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்கள். கையில் வந்த ஆயிரம், மாவு வாங்கவும் மண்ணெண்ணெய் வாங்கவும் போதாத ஆயிரமாயிற்று. வட்டியைக் குறைப்பதெல்லாம் ஏழைக்கு நன்மை, உயர்த்துவதெல்லாம் தீமை என்று பேசித் திரிவோர் அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

ஆகவே, வட்டியைக் குறை என்று கூவுவதே முற்போக்கு என்ற மயக்கம் நமக்கு வேண்டாம். நிலையாக நிற்பது சில வேளைகளில் நேர்மையான நிலைதான்.

தக்காளி கேட்குமா?

ஆனால் எந்த வேளையில்? அங்கேதான் வேறுபடுகிறோம்.

விலை ஏறுவதற்கு இரு காரணங்கள் உண்டு. நாட்டிலே பணமும் கடனும் மிகுந்து, வாங்குவோர் போட்டியிடுவதால் ஏறும் விலை ஒன்று. மழை பெய்யாமலும், பெய்யக்கூடாத நாளில் பெய்தும், பயிர் அழிந்து, பொருள் குறைந்து ஏறும் விலை மற்றொன்று. முன்னதை வட்டி அடக்கும், பின்னதை அடக்காது. வட்டியை ஆறரைக்கு உயர்த்திவிட்டோம் என்று சொன்னால் தக்காளிச் செடி கேட்குமா? வெங்காயம் அஞ்சுமா?

2024 அக்டோபரில் நாட்டின் சில்லறை விலையேற்றம் 6.21 விழுக்காடு. உணவுப் பொருள்களை மட்டும் எடுத்தால் 10.87 விழுக்காடு. ஏற்றத்தின் வேர் சமையலறையிலே இருந்தது. கடன் சந்தையில் இல்லை. 2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது தமிழ்நாட்டு அரசு என்ன செய்தது? சென்னையில் நியாயவிலைக் கடைகள் மூலம் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. அதுதான் மருந்து! கொள்முதலும் கிடங்கும் நியாயவிலைக் கடையும் செய்யவேண்டிய வேலையை ரெப்போ வட்டியின் தலையிலே ஏற்றி, அது செய்யும் செய்யும் என்று ஈராண்டு காத்திருப்பது, காய்ச்சல் கண்டவனுக்குக் காலிலே கட்டுப் போட்டதற்கு ஒப்பாகும்.

அந்தக் கட்டின் வலி யாருக்கு? கடன் இறுகினால் கட்டடங்கள் எழும் வேகம் குறையும். சிறுதொழிற்கூடத்தில் ஆள் குறையும். மலையிலிருந்து கேரளத்துக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் கூலி தேடி இறங்குவோர் அந்த வேலைகளை நம்பித்தான் இறங்குகின்றனர். வேலை குறையும்போது முதலில் வெளியேற்றப்படுபவன் கடைசியாக வந்தவன், மலையிலிருந்து வந்தவன்.

சரி, விலை வீழ்ந்தால் மலைக்கு விடிவா? 2025 அக்டோபரில் விலையேற்றம் 0.25 விழுக்காடு என்று கணக்கு வந்தது. உணவுப் பொருள் விலை முந்தைய ஆண்டைவிட 5 விழுக்காட்டுக்கு மேல் வீழ்ந்தது. பணவீக்கத்தை வென்றோம் என்று வெற்றி முழக்கம் எழுந்தது. வாங்குபவனுக்கு அது வெற்றிதான். விளைவித்து விற்பவனுக்கோ, வீழ்ந்தது அவன் வருவாய்! மலைவாழ் உழவன் வாங்குபவனும் ஆவான், விற்பவனும் ஆவான், கூலிக்குச் செல்பவனும் ஆவான். உயர்ந்தாலும் ஒரு புறம் வெட்டும், தாழ்ந்தாலும் ஒரு புறம் வெட்டும் கத்தி அவனுக்கு இது.

எட்டாத எண்!

இதையெல்லாம் விடக் கொடிய உண்மை ஒன்று உண்டு. ஏறினாலும் இறங்கினாலும் நின்றாலும், அந்த எண் மலையேறுவதே இல்லை!

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025இல் நான்கு முறை குறைந்ததில் மொத்தக் குறைப்பு 1.25 விழுக்காட்டுப் புள்ளி. அது ஒரு காசும் சிந்தாமல் ஓர் ஏழையின் கடனுக்கு வந்து சேர்ந்ததாகவே வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் ரூபாய்க் கடனுக்கு ஆண்டு முழுவதும் அவனுக்கு மிச்சமாவது 125 ரூபாய்.

இப்போது ஊர்க்கடனைப் பாருங்கள். மூன்று வட்டி, ஐந்து வட்டி, பத்து வட்டி என்று மக்கள் பேசும் பேச்சுக்குப் பொருள் தெரியுமன்றோ? நூறு ரூபாய்க்கு ஒரு மாதத்துக்குத் தரவேண்டிய வட்டி அது. மூன்று வட்டி என்றால் ஆண்டுக்கு 36 விழுக்காடு. ஐந்து வட்டி என்றால் 60. பத்து வட்டி என்றால் 120! பத்தாயிரம் ரூபாயை ஐந்து வட்டிக்கு வாங்கியவன் மாதம் 500 ரூபாய் கட்டுகிறான். மும்பையின் ஆறு பேர் ஓராண்டு முழுவதும் ஆராய்ந்து அளித்த 125 ரூபாய்ச் சலுகையை, வட்டிக்கடைக்காரர் எட்டு நாளுக்குள் எடுத்துக்கொள்கிறார்!

நகரத்திலே நிலைமை வேறு. 2019 அக்டோபர் முதல், மாறும் வட்டியில் வங்கிகள் புதிதாகத் தரும் வீட்டுக் கடனும் சிறுதொழில் கடனும் ரெப்போ போன்ற ஒரு வெளி அளவுகோலோடு பிணைக்கப்பட்டுள்ளன. அங்கே மணி அடித்தால் இங்கே தவணை குறையும். அடுக்குமாடியில் வீடு வாங்கியவருக்கு அந்தப் பிணைப்பு உண்டு. மலையடிவாரத்தில் குழுவாக உட்கார்ந்து நுண்கடன் வாங்கும் தாய்மார்களுக்கு அது இல்லை. 2022 ஏப்ரல் முதல் நுண்கடன் நிறுவனங்கள் தம் வட்டியைத் தாமே வகுத்துக்கொள்ள ரிசர்வ் வங்கி இடமளித்தது. ஈராண்டு கழித்து, 2024 அக்டோபரில், வட்டி வரம்பு மீறுகிறது என்று கண்டு, நுண்கடன் தருவோர் உள்ளிட்ட நான்கு நிதி நிறுவனங்கள் புதுக்கடன் வழங்குவதை அதே வங்கி தடுத்து நிறுத்தியது. சில மாதங்களில் தடையை விலக்கியும் கொண்டது. அணை திறந்தவரே வெள்ளத்துக்குப் பின் கரை கட்ட வந்தார்!

ஜவ்வாது மலையிலே காவலூர் என்றோர் ஊர் உண்டு. வைணு பாப்பு வானாய்வகம் அங்கேதான் இருக்கிறது. 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1986 முதல் அங்கே வானைத் துருவுகிறது. கோடானுகோடிக் கல்லுக்கு அப்பாலுள்ள விண்மீனின் ஒளி அந்த மலைக்கு வந்து சேர்கிறது. மும்பையிலிருந்து கிளம்பும் வட்டிக் குறைப்பு மட்டும் வந்து சேரக் காணோம்! விண்மீனின் ஒளிக்கு வழியில் தடுப்பார் இலர். வட்டிக் குறைப்புக்கோ வழியெல்லாம் வாயில் காப்போர்.

முன்பணம் கேட்ட விலை

கடன் எட்டாத இடத்திலே என்ன எட்டுகிறது? முன்பணம் எட்டுகிறது. விளையுமுன் விலை பேசி முன்பணம் தருபவர் வருகிறார். அவர் சொன்னதே விலையாகிறது. கூலிக்கு ஆள் பிடிக்கும் தரகர் முன்பணத்தோடு வருகிறார். அவர் காட்டிய திசையே வழியாகிறது.

அந்த வழிகளுள் ஒன்று எங்கே போய் முடிந்தது என்பதை நாடறியும். 2015 ஏப்ரல் 7ஆம் நாள், திருப்பதியை அடுத்த சேஷாசலக் காட்டிலே, செம்மரம் வெட்டியோர் என்று சொல்லி ஆந்திரப் படையினர் சுட்டதில் 20 பேர் மாண்டனர். தமிழகத்தின் மலைகளிலிருந்தும் மலையடிவாரங்களிலிருந்தும் சென்ற ஏழைகள் அவர்கள். ஜவ்வாது மலைப் பகுதியிலிருந்து சென்றோரும் அவர்களுள் உண்டு. செம்மரத்தின் விலை யாருக்குப் போயிற்று? வெட்டியவனுக்கா? இல்லை. வெட்டியவனுக்குக் கிடைத்தது கூலி. மாண்டவன் குடும்பத்துக்குக் கிடைத்தது பிணம். சட்டத்துக்குப் புறம்பான வேலைக்கு ஏன் போனான் என்று கேட்பவர் உண்டு. கேட்கட்டும். சட்டத்துக்கு உட்பட்ட கடன் அவன் வாசலுக்கு வந்ததா என்பதையும் சேர்த்துக் கேட்கட்டும்!

வட்டி என்பது வெறும் எண்ணன்று, தோழர்களே! ஒரு மனிதன் எந்த வேலைக்குப் போவான், எந்த விலைக்கு விற்பான், தன் மகளை எத்தனை வயதிலே பள்ளியைவிட்டு நிறுத்துவான் என்பதையெல்லாம் முடிவு செய்யும் ஆணை அது.

நிலைத்த வட்டி ஒன்று உண்டு!

அப்படியாயின் வழியே இல்லையா? இருக்கிறது. நம் கண்ணெதிரிலேயே இருக்கிறது.

ரெப்போ வட்டி 4 விழுக்காடாக இருந்தபோதும், 6.50 ஆக ஏறியபோதும், 5.25 ஆக இறங்கியபோதும், ஒரு வட்டி மட்டும் அசையவில்லை. உழவர் பெறும் குறுகிய காலப் பயிர்க்கடன் வட்டி அது. ஒரு வரம்பு வரையிலான கடனுக்கு ஆண்டுக்கு 7 விழுக்காடு; தவறாமல் திருப்பிச் செலுத்தினால் 4 விழுக்காடு. மீதியை அரசு ஏற்கிறது. தமிழ்நாட்டின் கூட்டுறவுச் சங்கங்களில் உரிய நாளில் திருப்பிச் செலுத்துவோர்க்குப் பயிர்க்கடன் வட்டியே இல்லாக் கடன்! ஆக, வட்டியை நிலையாக வைத்திருக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அரசு மனம் வைத்தால் முடியும். மும்பை ஏறினாலும் இறங்கினாலும் உழவன் வாசலில் வட்டி ஏறாமல் காக்க முடியும்.

பின் ஏன் மலையிலே ஐந்து வட்டி வாழ்கிறது? நிலைத்த வட்டியின் வாயிலிலே ஒரு பூட்டு தொங்குகிறது. பட்டா என்பது அதன் பெயர். பயிர்க்கடனுக்கு நிலச் சான்று வேண்டும். தலைமுறை தலைமுறையாக உழுதுவரும் மண், காட்டுக்கு உரியது என்று ஏட்டிலே எழுதப்பட்டிருந்தால் உழுதவன் கையிலே சான்று ஏது? 2006இல் வன உரிமைச் சட்டம் பிறந்தது. ஆயினும் 2008இல் சென்னை உயர்நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணையால் தமிழ்நாட்டில் உரிமை வழங்குவது ஆண்டுக்கணக்கில் தடைப்பட்டுக் கிடந்தது. 2016இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கிய பின்னரே வழி திறந்தது. சட்டம் பிறந்து பத்தாண்டு கழித்து! அந்தப் பத்தாண்டும் வட்டிக்கடைக்காரர் வாளா இருந்தாரா?

வாயிலில் இரண்டாவது பூட்டும் உண்டு. விளைந்ததை விற்க உறுதியான விலை இல்லாவிட்டால், வட்டியில்லாக் கடனும் திருப்ப முடியாத கடனாகும். ஒன்றிய அரசு 2025-26ஆம் ஆண்டுக்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் கேழ்வரகு உண்டு, சாமை இல்லை. 2023ஆம் ஆண்டை உலகச் சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடினர். மேடைதோறும் சாமைப் பொங்கலும் தினை உருண்டையும் பரிமாறினர். மலையிலே சாமை விளைவிப்பவனுக்கு மட்டும் உறுதி விலை பரிமாறப்படவில்லை!

திறவுகோல் நம் கையில்

ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரல் முதல் நாள் செயல்படத் தொடங்கியது. அதனை நிறுவிய 1934ஆம் ஆண்டுச் சட்டம், வேளாண் கடனுக்கெனத் தனித் துறை ஒன்றை அது வைத்திருக்க வேண்டும் என்று விதித்தது. வெள்ளையன் ஆட்சியிலே எழுதிய சட்டத்திலும் உழவனின் கடன் மைய வங்கியின் கடமையாகக் குறிக்கப்பட்டிருந்தது! 1951-52இல் அவ்வங்கி நடத்திய ஊரகக் கடன் ஆய்வு, உழவர் வாங்கிய கடனில் நூற்றுக்கு ஏறத்தாழ எழுபது பங்கு வட்டிக்காரரிடமிருந்தும், மூன்று பங்கே கூட்டுறவிடமிருந்தும், ஒரு பங்கே வணிக வங்கிகளிடமிருந்தும் வந்ததென்று காட்டியது. அந்த அதிர்ச்சியிலிருந்து பிறந்தவை பல. 1955இல் ஸ்டேட் வங்கி, 1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமை, 1975இல் ஊரக வட்டார வங்கிகள், 1982இல் நபார்டு. பலன் இல்லாமற் போகவில்லை. 2019ஆம் ஆண்டுத் தேசியக் கணக்கெடுப்பின்படி ஊரகக் கடனில் 66 விழுக்காடு வங்கி, கூட்டுறவு முதலிய நிறுவனங்களுடையது. எஞ்சிய 34 விழுக்காடு வெளியார் கடன். அந்த 34 யாருடைய தலைமீது இருக்கிறது? நிலமும் சான்றும் அற்றவர் தலைமீது. கடைசிப் பேருந்து நிற்கும் ஊருக்கும் அப்பால் வாழ்வோர் தலைமீது.

“ரிசர்வ் வங்கி ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது, நாம் என் செய்வோம்?” என்று கைவிரிப்போர் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையைப் புரட்டிப் பார்க்கட்டும். ரிசர்வ் வங்கியும் வங்கித் தொழிலும் ஒன்றியத்தின் பட்டியலில் உள்ளன, உண்மை. வட்டிக்குப் பணம் கொடுக்கும் தொழிலும், வேளாண் கடன் துயர் துடைப்பும், கூட்டுறவுச் சங்கங்களும் மாநிலப் பட்டியலிலே உள்ளன. எண்ணின் திறவுகோல் மும்பையிலே இருக்கலாம். வாயிலின் திறவுகோல் கோட்டையிலே இருக்கிறது! 1957ஆம் ஆண்டின் வட்டிக்கடைச் சட்டமும், கந்து வட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டிகளைத் தடுக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும், கடன் வசூலிப்பில் மிரட்டலையும் வன்முறையையும் தண்டிக்கும் 2025ஆம் ஆண்டுச் சட்டமும் நம் சட்டமன்றம் தந்தவையே. சட்டத்துக்குக் குறைவில்லை. அதைக் கையிலெடுத்து மலையேறும் கால்களுக்கே குறை.

ஆகவே நம் நிலையைத் தெளிவாகச் சொல்வோம். பணம் மிகுந்து விலை ஏறுமானால் ரிசர்வ் வங்கி வட்டியை உயர்த்தட்டும், எதிர்க்கமாட்டோம். மழையும் விளைச்சலும் பொய்த்து விலை ஏறுமானால் வட்டியை உயர்த்தவும் வேண்டாம், உயர்ந்த இடத்திலே ஈராண்டு பிடித்து வைக்கவும் வேண்டாம். கொள்முதலும் நியாயவிலைக் கடையும் அந்தப் பணியைச் செய்யட்டும். ஆனால் மேலே எண் நிற்பதையும் நகர்வதையும் மட்டும் பேசி, கீழே அறுபது விழுக்காடு அசையாமல் நிலைத்திருப்பதைப் பேசாத எந்த வாதத்தையும் மக்கள் வாதமென்று ஏற்கமாட்டோம். நாட்டிலே மிக உறுதியாக நிலைத்திருக்கும் வட்டி எது? ஐந்து வட்டி! அதை எந்தக் குழுவும் கூடி ஆராயவில்லை; எந்த ஆளுநரும் அறிவிக்கவில்லை; எந்தப் பங்குச் சந்தையும் அதற்காகத் துள்ளவில்லை. அதை அசைப்பதுதான் நம் பணி.

அந்தப் பணிக்குப் பெரும் படை வேண்டா. மலையூர் ஒவ்வொன்றிலும் வன உரிமை மனு அளித்தோர், அளிக்காதோர் பட்டியலை எடுங்கள்; தேங்கிய மனுவை நகர்த்துங்கள். பட்டா பெற்றவரை மலைவாழ் மக்கள் கூட்டுறவுச் சங்கத்தின் வாசலுக்கு அழைத்துச் சென்று பயிர்க்கடன் மனுவை எழுதிக் கொடுங்கள். உரிமைச் சான்று பெற்ற வனநிலத்துக்கும் தடையின்றிக் கடன் தரவேண்டுமென்று கேளுங்கள். விதைப்புக்கு முன்னரே கடன் கைக்கு வரவேண்டும். அறுவடைக்கு முன்னரே சாமைக்கு விலை அறிவிக்கப்பட வேண்டும் என்று ஒன்றியக் கூட்டத்திலும் மாவட்ட ஆட்சியர் நடத்தும் உழவர் குறைதீர் நாளிலும் குரல் எழுப்புங்கள். மகளிர் குழுக்கள் நுண்கடனுக்கு என்ன வட்டி கட்டுகின்றன என்பதை ஆண்டுக் கணக்கிலே எழுதி, அவர்கள் கையிலேயே கொடுங்கள். வாரத் தவணையிலே மறைந்திருக்கும் வட்டி ஆண்டுக் கணக்கிலே முகம் காட்டும்.

அடுத்த முறை மும்பையிலே அந்த ஆறு பேர் கூடும்போது, ஏறுமா இறங்குமா என்று ஏடுகள் எழுதும். எழுதட்டும். நீங்கள் மலையேறிச் சென்று, இங்கே எத்தனை வட்டி என்று கேளுங்கள். அந்த விடை என்றைக்கு ஏழாகவும் நாலாகவும் சுழியாகவும் நிலைத்து நிற்கிறதோ, அன்றைக்கு நாமும் சொல்லலாம், வட்டி நிலையாக இருக்கட்டும் என்று!